எரியும் மண்ணின் மணம்

லண்டன் ஹரோவில் கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்த மரியநாயகிக்கு, தன் அப்பாவின் பூட்டன் ஸ்கொட்லாந்துக்காரன் என்பது மட்டும் தெரியும். ஜேம்ஸ் ரொஸ். வீதி அளக்க யாழ்ப்பாணம் வந்து, குருநகர்ப் பெண்ணொருத்தியைக் கட்டி, அங்கேயே செத்துப்போனவர்.

1988 மார்ச்சில் ஒரு காலை, வேலைக்குப் போகும் ரயிலில், ஈர மண்ணைக் கொளுத்தியதுபோல ஒரு மணம் மூக்கில் ஏறியது. பக்கத்தில் இருந்தவர்கள் பேசாமல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. அப்பா அன்று காலை இறந்துவிட்டார்.

"ரயில் பிறேக் மணமா இருக்கும்," என்றார் கணவர் யாக்கோப்பு.

"இல்லையப்பா. பெரியப்பா செத்த அண்டைக்கு அப்பாவும் மண் எரியுது எண்டு வீடெல்லாம் தேடினவர். இது ரொஸ் வழியில வாறது எண்டு சொல்லுவார்."

இரண்டு வருடம் கழித்து அதே மணம் கடையில் வந்தது. அன்று கனடாவில் தம்பி இறந்துபோனான்.

அதன்பிறகுதான் அவள் ரொஸ் குடும்பத்தைத் தேடத் தொடங்கினாள். ஸ்கொட்லாந்துத் தேவாலயங்களுக்குக் கடிதம் எழுதினாள். வம்சாவளிச் சஞ்சிகையொன்றில் விளம்பரம் போட்டாள். 1994இல் லண்டனிலேயே குரோய்டனிலிருந்து பதில் வந்தது. எட்வேட் ரொஸ், ஜேம்ஸின் தம்பி வழி வந்தவர்.

அவர் வீட்டு வாசலைத் தாண்டியதுமே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதே மணம்.

"இங்கே யாருக்கு என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எட்வேட் சிரித்தபடி கணப்படுப்பைக் காட்டினார். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி உள்ளே கனன்றுகொண்டிருந்தது. ஸ்கொட்லாந்தில் தன் ஊரில் எல்லா வீட்டிலும் இதைத்தான் எரிப்பார்கள், அவளுக்காகவே வைத்ததாம்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவருடைய சிரிப்பு நின்றது. எழுந்துபோய், ஜேம்ஸ் ஊருக்கு எழுதிய ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்து வாசித்தார்.

"யாழ்ப்பாணம், 1867 நவம்பர் 9. இன்று நண்பகல் நம் வீட்டு அடுப்பின் மணம் வந்தது. இங்கே அப்படி எரிக்க எதுவுமில்லை. அம்மா நலமா?"

பிறகு குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்து விரல் வைத்தார். ஜேம்ஸின் தாய் இறந்த நாளும் அதுதான்.

எட்வேட் வம்சாவளித் தாளை விரித்தார். ஜேம்ஸின் பெயருக்குக் கீழே 'பிள்ளைகள் இல்லை' என்றிருந்ததை அழித்துவிட்டு, மரியநாயகிவரை பென்சிலால் எழுதினார்.

"மகள் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே. பெயர் என்ன?" என்று கேட்டு, பென்சிலை அவள் பெயருக்குக் கீழே வைத்தார்.

பிறகு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவள் தன் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எட்வேட்டிடமிருந்து வாழ்த்து அட்டை வரும், அடியில் அதே கேள்வியோடு. அவளும் தவறாமல் சுகம் கேட்டுப் பதில் எழுதினாள். மகளின் பெயரை மட்டும் எழுதவேயில்லை.