சங்கு ஊதினால் வந்து நிற்கிற வாசல்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய முதல் இடம் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். இரண்டாவது இடம் இந்த ஊர் நகராட்சி ஆபீஸ் வாசல். சினிமா, ஓட்டல் என்று எதையோ நினைத்துத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனவளை வரி கட்டுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். படியைக் காட்டிச் சொன்னார்: “ஏ புள்ள, நல்லாக் கேட்டுக்கோ. நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதுச்சுன்னா எங்கனயோ வெடிச்சிருக்குன்னு அர்த்தம். நீ கம்பெனிப் பக்கம் ஓடி வரக்கூடாது. இங்கன வந்து நில்லு. நல்லா இருந்தா நான் வந்துருவேன்.”

நல்லா இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஊரில் எல்லா வீட்டுக்கும் அதுதான் வழக்கம் என்று போகப்போகத் தெரிந்தது. சங்கு என்பது நகராட்சி மாடியில் இருந்த சைரன். தினமும் காலை, மதியம், சாயங்காலம் ஊதும். அதை வைத்துத்தான் உலை வைப்போம், பிள்ளைகளை அடித்து எழுப்புவோம். மற்ற நேரத்தில் ஊதினால் ஊரே அந்தப் படிக்கு ஓடும். கம்பெனி வேனில் வந்து இறங்குகிறவர்கள் அங்கே முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். செல்போன் வந்த பிறகும் இது மாறவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்பார்கள். செங்காவி அடித்த சுவர், யானை நுழைகிற மாதிரி கதவு. ஊருக்கு முதல் டெலிபோன் அங்கேதான் வந்ததாம். தீயணைப்பு வண்டியும் பக்கத்துக் கொட்டகையில்தான் நின்றதாம். எந்தக் கம்பெனியில் என்ன நடந்தாலும் செய்தி முதலில் வந்து சேருகிற இடம் அது. அப்படித்தான் சனங்கள் அங்கே கூடப் பழகியிருக்கிறார்கள். பிறகு வண்டிக்கு வேறு இடம் கிடைத்தது. கொட்டகை தடுப்பூசி போடுகிற அறையானது. என் மகள் அங்கே போட்ட கூப்பாட்டில் ஊசி போட்ட நர்சம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. பூங்காவில் ரேடியோ கேட்பதற்காகக் கட்டிய அறை ரேசன் கடையானது. என் மகள் பிறந்த நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். ஒரு கட்டடத்தைக் கட்டின வேலைக்கே விட்டுவைக்கிற பழக்கம் எங்கள் நகராட்சிக்குக் கிடையாது. மாறாமல் இருந்தது அந்த வாசல்படி ஒன்றுதான்.

அதற்கும் நாள் வந்தது. பைபாஸ் ரோட்டில் புது ஆபீஸ் கட்டினார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மீன் தொட்டி என்று நான் பெயர் வைத்தேன், தெருவில் அதுவே நிலைத்துவிட்டது. பழைய ஆபீஸைப் பூட்டி, சங்கையும் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினார்கள்.

திறப்பு விழா அன்று, நல்ல நேரத்தில் ரிப்பன் வெட்டும்போது சங்கை ஊதினால் ஜோராக இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது. ஊதிவிட்டார்கள்.

நான் காலண்டர் கம்பெனியில் வேலையாக இருந்தேன். சீசன் நேரம், தலைக்கு மேலே ஆர்டர். சத்தம் கேட்டதும் கையில் இருந்த கட்டு அப்படியே கீழே விழுந்தது. ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. சத்தம் பைபாஸ் பக்கமிருந்து வருகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கால்கள் எல்லாரையும் பழைய வாசலுக்குத்தான் கொண்டுவந்தன. பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் அம்புட்டுப் பேரும் நின்றோம்.

“எங்கனத்தா?”

“நாரணாபுரத்துப் பக்கமாம்.”

யார் சொன்னது என்று தெரியாது. என் வீட்டுக்காரர் கம்பெனி அங்கேதான்.

கொஞ்ச நேரத்தில் பைபாஸிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வந்து கத்தினார்: “ஒண்ணுமில்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க! புது ஆபீஸ் தொறக்காக, அதுக்கு ஊதுனது!” பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறைதான். அப்புறம் ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். வேன்கள் வந்தன. அவரவர் ஆளைப் பார்த்து, அவரவர் பாட்டுக்கு வையத் தொடங்கி, வீட்டுக்குப் போனார்கள்.

நான் போகவில்லை. ஆட்டோக்காரர் சொன்னது காதில் விழுந்தது, நெஞ்சில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் படியை விட்டு நகர என்னால் முடியவில்லை.

கடைசி வேனில் வந்தார். முகமும் கையும் அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னின. கழுவக்கூட இல்லை.

“சும்மா ஊதுனதுன்னு கேட்டுலயே சொல்லிட்டாக” என்றார்.

“பெறகு எதுக்கு வந்தீக?”

“நீ வந்து நிப்பேல்ல.”

அந்த மனிதரை நடுரோட்டில் வைத்து அம்புட்டுத் திட்டுத் திட்டினேன். அழுதுகொண்டேதான் திட்டினேன்.

போன வருஷம் அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கடைகள் கட்டப் போகிறார்களாம். இப்போது சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறது. அந்தப் பக்கம் போனாலே எனக்கு வயிறு எரிகிறது. பிறந்த வீட்டை இடித்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

அவர் இன்னும் அதே வேலைதான். போன வாரம் இரண்டு பேரும் காய் வாங்க அந்த வழியாகப் போனபோது கேட்டேன், “இனிமே நான் எங்கன வந்து நிக்க?”

அவர் தகரத்தை ஒட்டி முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்தார். ஓர் இடத்தில் நின்று காலால் மண்ணைத் தேய்த்தார்.

“படி இங்கனதான் இருந்துச்சு. இங்கனயே நில்லு. நல்லா இருந்தா வந்துருவேன்.”

“நல்லா இல்லாட்டி?”

இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் என் கையிலிருந்த காய்ப்பையை வாங்கிக்கொண்டார்.

“வந்துருவேன் புள்ள” என்றார்.