நாவல் கிளையில் ஒரு சத்தம்

ஆரணி ஏரிக்கரை நாவல் மரத்தில் ஏற என் சித்தப்பா தேசப்பனை விட்டால் ஆளில்லை. அவரைவிடப் பயந்தவரும் ஊரில் இல்லை. நாவல் கிளை முருங்கை மாதிரி, வளையாது, படக்கென்று முறியும். அதனால் ஒவ்வொரு கிளையையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார்.

ஆடி, ஆவணி முழுக்க இதுதான் பிழைப்பு. பழம் கும்மிடிப்பூண்டிச் சந்தைக்குப் போகும். கொட்டையைக் காயவைத்து இடித்த பொடியைச் சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்குவார்கள். பட்டைக் கஷாயம் ஈறு வீங்கியவர்களுக்கு.

அவர் உச்சியில் காதை வைத்திருக்கும் நேரம் பார்த்து, கீழே நான் ஒரு காய்ந்த சுள்ளியை ஒடிப்பேன். சித்தப்பா பல்லிபோல் மரத்தோடு ஒட்டிக்கொள்வார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஒரு வாரத்தில் அவருக்குப் பழகிவிட்டது. "செல்வி, உன் வேலதான? கீழ வந்து வெச்சிக்கிறேன்" என்பார். அப்புறம் எந்தச் சத்தம் கேட்டாலும் நான்தான் என்று நினைத்து, கிளையைத் தட்டிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

ஐம்பத்து நாலாம் வருஷம், ஆவணி முதல் வாரம். மதகுக் கல்லுக்கு நேர்மேலே நீண்ட கிளையில் பாதித் தூரம் போயிருந்தார். சடக்.

என் கையில் சுள்ளி இல்லை.

"சித்தப்பா! கிளை ஒடியுது, எறங்கு!"

"போடி. தெனம் இதே ரோதனை."

"சத்தியமா நான் இல்ல!"

"நேத்துகூடதான் சத்தியம் பண்ண" என்று சிரித்தார்.

இன்னும் ஒரு முழம் முன்னால் நகர்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கிளை மரத்தோடு சேரும் இடத்தில், வெள்ளையாக ஒரு விரிசல் திறந்தது. வெறும் கை இரண்டையும் விரித்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். வெட்கம் கெட்டு, மூக்கொழுக அழுதேன்.

அவர் குனிந்து பார்த்தார். அப்பாவிடம் புளியங்குச்சியால் வாங்கியபோதுகூட நான் அழுததில்லை. அது அவருக்குத் தெரியும். சிரிப்பு நின்றது. பழக்கூடையை விட்டுவிட்டு, வயிற்றால் ஊர்ந்து பின்னால் வந்தார். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு சடக். அடிமரத்தைக் கட்டிப்பிடித்தார்; கிளை போய்க் கல்லில் விழுந்தது. கல்லெல்லாம் ஊதா.

இறங்கியவர் மரத்தடியில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்குடி அழுத?"

"கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

மறுநாளும் ஏறினார். "நீ கையத் தூக்கிக்கினே நில்லு" என்றார். மறுபடி கிளையைத் தட்ட ஆரம்பித்தார், காதும் வைத்தார். தோள் இற்றுப்போனாலும் அவர் இறங்கும்வரை நான் கையை இறக்கமாட்டேன். எங்காவது ஓர் ஆடு சுள்ளியை மிதித்தால்கூட "நான் இல்ல!" என்று கத்துவேன்.