அம்புக்குறி அழிந்த பளிங்கு

கல்லை உடைத்துவிட்டு, உடைந்தது என்று எழுதிக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அடுகோடியில் எங்கள் பரிசோதனைக்கூடம். வீட்டில் தட்டு விழுந்து உடைந்தால்கூட எத்தனை டன்னில் என்று கேட்கத் தோன்றும் நோய் உங்களில் யாருக்காவது இருந்தால், நாம் சொந்தக்காரர்கள்.

கோடு போட்ட கல்

வைட்ஃபீல்டில் ஒரு வீட்டுக்கு மாடிப்படி கட்டும் செல்வராஜ் மேஸ்திரி ஒரு பளிங்குத் துண்டு கொண்டுவந்தார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிகள். மறுமுனைக்கு முட்டு கிடையாது. கல் தாங்கும் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்காரர் வேலையைத் தொடரவிடுவார்.

ஓரத்தில் மெல்லிய சீவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். கல்லின் ஒவ்வொரு படிக மணியிலும் நெருக்கமான கோடுகள். விரிசல் என்று நினைத்து அவர் முகம் வாடிவிட்டது. விரிசல் இல்லை, இரட்டைப் படிகம் என்றேன். அழுத்தம் வந்தால் படிகத்தில் ஒரு பட்டை உடையாமல் சாய்ந்து, பக்கத்துப் பகுதியின் கண்ணாடி பிம்பமாக அமைந்துகொள்ளும். பூமிக்கடியில் அது பட்ட பாட்டின் தழும்பு. மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க மாதிரிதான் மேடம். நெருக்கினா கொஞ்சம் சாஞ்சு குடுத்துதான் பொழைக்குது."

கழுவியது நான்

கட்டடத்தில் கல்லின் எந்தப் பக்கம் மேலே வருமோ, அதைக் காட்டி அம்புக்குறி போடுவது எங்கள் தொழில் வழக்கம். செல்வராஜ் சாக்பீஸால் போட்டிருந்தார். தூசி இருந்தால் அளவு தப்பும் என்று, சுத்தக்காரியான நான் குழாயடியில் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

அழுத்தும் மெஷினை ஓட்டும் ஜெயசீலன் கோலார் தங்கவயல் சுரங்கக் குடும்பத்துப் பிள்ளை. எந்தப் பக்கம் மேலே என்று அவர் கேட்டபோதுதான் அம்புக்குறியையும் சேர்த்துக் கழுவிவிட்டது தெரிந்தது. எப்படி வைத்தால் என்ன, கல் கல்தானே என்று சமாளித்தேன். அவர் சுவிட்சில் கை வைக்கவில்லை.

"மேல எதுன்னே தெரியாம ஓட்டுனா, ரிப்போர்ட்ல நம்ம ரெண்டு பேர் கையெழுத்துதான்க்கா நெஜம். மத்ததெல்லாம் சும்னே, வெறும் பேருக்கு."

ஒரே கல், இரண்டு குணம்

அப்படி என்னதான் வித்தியாசம் வரும்? ஆசை விடவில்லை. அதே கல்லில் நெட்டுவாக்கிலும் குறுக்குவாக்கிலும் துண்டுகள் வெட்டி அழுத்தினோம். ஒன்று மெல்ல அமுங்கி, நறநறவென்று முனகி, அப்புறம்தான் உடைந்தது. மற்றது அதைவிட அதிக பாரம் தாங்கியது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் படீரென்று சிதறியது.

பளிங்குப் படிகம் ஒரு பக்கமாகத் தள்ளினால்தான் சாய்ந்து கொடுக்கும், எதிர்ப்பக்கம் தள்ளினால் கொடுக்காது. இந்தக் கல்லில் பெரும்பாலான மணிகள் ஒரே வாக்கில் அமைந்திருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். ஜெயசீலனோ முனகி உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இது நல்ல கல்லுக்கா. ஓடறதுக்கு டைம் குடுக்குது."

முதல் படி

செல்வராஜுக்கு போன் செய்து, அம்புக்குறியை அழித்தது நான்தான் என்றேன். திட்டியிருந்தால் தேவலை. எல்லாப் படிகளையும் வெட்டி வைத்துவிட்டாராம். சர்டிபிகேட் வராமல் இந்த வேலை கைமாறினால் கூட இருக்கும் ஐந்து பேரும் ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதானாம். வெட்கமாக இருந்தது. மறுநாள் நானே போய், படி வெட்டிய கற்பலகையில் மீந்ததை, அழியாத மார்க்கரால் அம்பு போட்டு எடுத்துவந்தேன்.

படி இருக்கப்போகும் அதே வாக்கில் வைத்துச் சோதித்தோம். கேட்ட பாரத்துக்கு மேலேயே தாங்கியது. சர்டிபிகேட்டோடு போனபோது முதல் படியைச் சுவரில் பதித்திருந்தார்கள். செல்வராஜ் தாளை வாங்கிப் படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சர்டிபிகேட் இருக்கட்டும் மேடம். மொதல்ல நீங்க ஏறி நில்லுங்க, அப்பறம் எங்க ஆளுங்கள ஏத்தறேன்."

எந்தக் கல் எவ்வளவு தாங்கும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற எனக்கு, என் எடை எவ்வளவு என்ற கவலை முதன்முதலாக வந்தது அந்தப் படியில் ஏறி நின்றபோதுதான்.