நைனா கீது

போன வாரம் என் தங்கை செல்வி போன் செய்தாள். சோழிங்கநல்லூரில் பத்தாவது மாடியில் இருக்கிறாள். அவள் பையன் கவினுக்கு இரண்டரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறதாம், சொன்னதெல்லாம் புரிகிறதாம், வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறான். டாக்டரம்மா, வீட்டில் வேறு யாராவது தாமதமாகப் பேசியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்.

"அக்கா, நான் எப்ப பேசினேன்? முதல்ல 'அப்பா'ன்னுதானே சொன்னேன்?"

அம்மாவும் அப்பாவும் போன பிறகு இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். "அடுப்புல பால் வச்சிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். பால் கீல் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது ஒரு காரமான வாசனை மூக்கில் ஏறுமே, வசம்பு, அது எனக்குச் செல்வியின் வாசனை. அன்று அவளுக்கு மூன்று வயதாகப் போகிறது, குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து, அவள் நாக்கில் தடவிக்கொண்டே இருப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாக்கைத் தடவத் தடவ அது வழுக்கிக்கொண்டுதான் போகும், பேச்சு எப்படி வரும் என்பது என் சந்தேகம். கேட்டால் எனக்கும் ஒரு தடவு கிடைக்கும் என்பதால் கேட்கவில்லை.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், கடலை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல மனிதர். ஆனால் பேச்சு விஷயத்தில் மட்டும் போலீஸ்காரர். நான் தெருவில் பொறுக்கிய 'இன்னா', 'கீது', 'வூடு' எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. "ஏட்டி, அது என்னட்டி 'இன்னா'? 'என்ன'ன்னு சொல்லு. 'கீது'வாம் 'கீது'! 'இருக்கு'ன்னு சொன்னா வாய் வலிக்குமோ?" என்பார். நானும் செருப்பை வெளியே விடுகிற மாதிரி 'கீது'வை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவேன், திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வேன். இன்றைக்கும் ஆபீசில் கோபம் வந்தால் வாசலில் விட்டதுதான் முதலில் வருகிறது.

கம்பெனிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்கும். அப்பா முகம் கழுவியதும் செல்வியை மடியில் வைத்துக்கொள்வார். "அப்பா சொல்லு, தாயி. அப்...பா." குழந்தை அவர் உதட்டையே பார்க்கும். மீசையை இழுக்கும். சிரிக்கும். அவ்வளவுதான். 'ஊமை' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். அம்மா பாத்திரம் தேய்க்கும்போது அழுவாள்.

பக்கத்து வீட்டு பேபியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சாயங்காலம் தெருமுனையில் மீன் வறுத்து விற்பார். அம்மா தண்ணீர் லாரிக்கு ஓடும்போதெல்லாம் செல்வி அவரிடம்தான் இருப்பாள். அவர் மீனோடு பேசுவார், பூனையோடு சண்டை போடுவார், காக்காவிடம் ஊர் நியாயம் கேட்பார். கழுவிய மீனைக் காக்காவுக்குப் பயந்து முறத்தால் மூடி வைப்பார். அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

"மீனு கீதா கண்ணு? காணமே! பூனை துன்னுட்ச்சா?" என்று கன்னத்தில் கை வைப்பார். செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு முறத்தையே பார்ப்பாள். "தோ, கீது!" என்று முறத்தைத் தூக்கினால் குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். எத்தனை தடவை செய்தாலும் அதே சிரிப்பு. அந்த மீன் அங்கே இருப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆச்சரியம்.

"இன்னாத்துக்கு யக்கா பேஜாராவுற? கொயந்த எல்லாத்தியும் காதுல வாங்கினுதான் கீது. ஒரு நாளு கொட்டும் பாரு" என்பார் அம்மாவிடம். அம்மா தலையாட்டுவாள். நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வெளிச்சம் படாமல் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பேபியம்மா செல்வியை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தை நேராக உள்ளே போனாள். போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு போர்வையின் நுனியைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"நைனா கீது!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடுத்த நொடியே அப்பா பக்கம் பார்த்தேன். அப்பாவைப் பேபியம்மா எப்போதும் "உங்க நைனா, உங்க நைனா" என்பார், அங்கிருந்து வந்தது ஒன்று. முறத்தடியிலிருந்து வந்தது இன்னொன்று. வாசலைத் தாண்டக் கூடாத சொற்கள் இரண்டும் ஒன்றாக உள்ளே வந்துவிட்டன. போதாததற்கு அப்பா மீனோடு சேர்ந்து அஃறிணை வேறு ஆகிவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பேபியம்மா வாசற்படியிலேயே நின்றார். அவருக்கும் அப்பாவிடம் கொஞ்சம் பயம்.

அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவர் திருத்தவில்லை. 'இருக்கேன்' என்றும் சொல்லவில்லை.

"கீறேன், தாயி" என்றார். "கீறேன், கீறேன்." சொல்லச் சொல்ல அழுகை வந்து, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்து மறுபடியும் தூக்கினாள். "நைனா கீது!" மத்தியானம் வரை இதே வேலைதான். அன்று அப்பா தூங்கவே இல்லை.

ஊருக்குப் போனபோது மட்டும், "எம் பொண்ணு மொத மொதல்ல 'அப்பா'ன்னுதான் சொன்னா" என்று அத்தைகளிடம் அளந்தார். நாங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. செல்விக்கும் அதுவே வரலாறாகிவிட்டது. ஒரு வருடத்தில் அவள் அப்பாவிடம் 'இருக்கு' என்றும் பேபியம்மாவிடம் 'கீது' என்றும், யாரும் சொல்லித்தராமலே, ஆள் பார்த்துப் பேசினாள்.

மறுநாள் கூப்பிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நைனா கீது'வை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அக்கா, நான் கவினுக்குப் படத்தைக் காட்டிக் காட்டி 'சொல்லு, சொல்லு'ன்னுட்டேதான் இருக்கேன். அப்பா மாதிரியே" என்றாள். டாக்டரம்மாவும் அவனோடு நிறைய விளையாடச் சொல்லியிருக்கிறாராம். பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பையனோடு வந்தாள். நாங்கள் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றாள். கூட்டிப்போனேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. வரிசை வீடுகளைக் கடல் தின்றுவிட்டது, இப்போது கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதுவதில்லை. பேபியம்மா போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. செல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பையன் முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் விட்டதை முப்பது வருடத்துக்குப் பிறகு மாட்டிக்கொண்ட மாதிரி, "அம்மா கீதா கண்ணு? காணமே!" என்றாள்.

கவின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மெதுவாகத் துப்பட்டாவைத் தூக்கினான். "தீ" என்றான்.

தீயோ, கீயோ, 'கீது'வில் பாதி வந்துவிட்டது. மீதியும் வரும். வரும்போது பதில் சொல்ல அப்பா இல்லை. நாங்கள் கீறோம்.