சுகுமாரனுக்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும்

ரவாங் தொழிற்பேட்டையின் வேலியோரத்தில் ஒரு வேனின் ஹாரன் காரணமே இல்லாமல் அலறினால், கேட்டில் நிற்கும் காவலர் தலையைக்கூடத் திருப்பமாட்டார். சுகுமாரனின் ப்ரோக்ராமில் மறுபடியும் ஏதோ தகராறு என்பது அவருக்குத் தெரியும். ஸ்டியரிங்கின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு பழைய மடிக்கணினி, அதன் மேல் கவிழ்ந்தபடி சுகுமாரன். திரையில் சிவப்பெழுத்தில் பிழை வந்துவிட்டால் 'என்டர்' பொத்தானை ஓங்கிக் குத்துவார். அந்தக் குத்து பலகை வழியாக இறங்கி ஹாரனில் போய் முடியும்.

காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால், மாலையில் அவர்களை ஏற்றும் வரை வேன் ஓட்டுநருக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். சுகுமாரன் மட்டும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு பெண் தமிழில் நடத்தும் வகுப்பு வீடியோக்களைப் பார்த்து இணையதளம் எழுதப் படிக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பெஸ்தாரி ஜெயாவின் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தவர். ஊரின் பெயர் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் இன்னும் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்கிறார். புதுப் பெயரை யாரும் முறைப்படி அறிமுகம் செய்து வைக்கவில்லை என்பதாலோ என்னவோ.

ஏனென்றால், சுகுமாரன் எதையும் யாரிடமும் நேராகச் சொல்லமாட்டார். நடுவில் ஓர் ஆள் வேண்டும். கடையில் தே தாரிக் டீ ஆறிப்போயிருந்தால், எடுத்து வந்த பையன் பக்கத்திலேயே நின்றாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் புகார் போகும். "சூடே இல்லன்னு தம்பிகிட்ட சொல்லுங்கலா." தொழிற்சாலையின் மேற்பார்வையாளரிடம் பேச வேண்டுமென்றால், முன்சீட்டில் வரும் பிரேமலா வழியாக. மாமியாரிடம் மனைவி உஷாராணி வழியாக. ஒருமுறை தனியாக வீட்டில் இருந்தபோது சந்தா கேட்டு வந்தவர்களிடம், "வீட்ல யாரும் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க" என்று அவரே வாசலில் நின்று சொன்னாராம். இது உஷாராணி சொல்லும் கதை. கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம்.

இந்தப் பழக்கம் முற்றி நோயானது அண்ணன் காளியண்ணன் விஷயத்தில். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆளுக்கொரு வேன், இருவருக்கும் சேர்த்து ஒரே காண்ட்ராக்ட். அசாம் ஜாவா பக்கத்து ஆட்களை அண்ணன் ஏற்றுவார், பெர்ஜுந்தாய் பக்கத்தைத் தம்பி பார்த்துக்கொள்வார். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டாவது வேன் வாங்கியபோது கோயிலில் பூசை போட்டார்கள். ரவாங்கிலிருந்து வந்துகொண்டிருந்த தம்பிக்காகக் காத்திருக்காமல், அண்ணன் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் தொழில் நிற்கவில்லையே! யாருக்கு லீவு, யாருக்கு ஷிப்டு மாறியது, யாரை எந்த வேன் ஏற்றுவது என்று தினமும் பத்து விஷயம் இருக்கும். அத்தனையையும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து சுமந்தவர் உஷாராணி.

"எங்கண்ணனே தப்பு தன் மேலதான்னு உஷாகிட்ட ஒத்துக்கிட்டாரு. அத வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும், அதான் கேக்கறேன்." இதைப் பிரேமலா எத்தனை முறை கேட்டிருப்பாரோ, பாவம்.

போன பள்ளி விடுமுறையில் உஷாராணிக்குப் பாலர் பள்ளியில் வேலை கிடைத்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போதே அறிவித்துவிட்டார். "ஸ்கூல் தொறந்தா பகல்லாம் புள்ளைங்ககூட கத்தணும். வீட்டுக்கு வந்து உங்க ரெண்டு பேருக்கும் கத்த என்னால முடியாது. திங்கக்கெழமையில இருந்து நீங்களே பேசிக்குங்க. இல்லாட்டி உங்க கம்ப்யூட்டர பேசச் சொல்லுங்க."

இன்னும் ஒருமுறை ஓர் ஆளை ரோட்டில் நிற்கவிட்டால் வேறு வேன்காரரைப் பார்த்துக்கொள்வோம் என்று தொழிற்சாலை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. உஷா இல்லாவிட்டால் திங்கட்கிழமையே அது நடக்கும். இரண்டு வீட்டுச் சோறும் அதோடு போகும். அண்ணனிடம் போய்ப் பேசினால் தீர்ந்தது. ஆனால் அதைவிட ஓர் இணையதளம் கட்டுவது சுகுமாரனுக்குச் சுலபமாகப் பட்டது.

திட்டம் இதுதான். லீவு போடுகிறவர்கள், ஷிப்டு மாறுகிறவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே குறித்துவிட வேண்டியது. மறுநாள் யாரை எந்த வேன் ஏற்ற வேண்டும் என்பது இரண்டு ஓட்டுநர்களுக்கும் தெரியும். காளியண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமல் காளியண்ணனோடு ஆயுசுக்கும் தொழில் செய்யலாம்.

இதற்கு, விவரங்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் வேண்டும். தரவுத்தளத்துக்கென்று ஒரு தனி மொழி இருக்கிறது. கறாரான, முகம் கொடுக்காத மொழி. ஒரு காற்புள்ளி தவறினாலும் சிவப்பெழுத்துதான், ஹாரன்தான். மனிதர் நொந்துபோயிருந்த நேரத்தில்தான் வகுப்பில் ஓ.ஆர்.எம். என்ற ஒன்று வந்தது. நீங்கள் தரவுத்தளத்திடம் நேராகப் பேச வேண்டியதில்லை, உங்கள் ப்ரோக்ராமின் மொழியிலேயே இதனிடம் சொன்னால் போதும், இது போய் அதன் மொழியில் கேட்டுப் பதில் வாங்கிவந்து கொடுக்கும் என்றார் அந்த ஆசிரியை. சுகுமாரன் வீடியோவை நிறுத்தி அந்த இடத்தை மறுபடியும் கேட்டார். கல்லூரிப் பிள்ளைகள் வாரக்கணக்கில் முட்டிமோதும் விஷயம் அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"உஷா மாதிரிலா!" என்றார், காலி வேனைப் பார்த்து.

அன்றிலிருந்து ஓ.ஆர்.எம். அவருக்கு 'நம்ம ஆளு'. வேனின் விவரங்களுக்கு ப்ரோக்ராமில் ஒரு 'கிளாஸ்' எழுதினார், ஆட்களுக்கு ஒன்று எழுதினார், ஓர் ஆள் ஒரு வேனுக்குச் சொந்தம் என்று உறவு வைத்தார். ஓட்டுநர் பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரை முழுசாகப் போட்டார். அண்ணன் பெயருக்கு 'வேன் 2' என்று மட்டும் போட்டார். நம்ம ஆளு அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்ல," என்று அன்று மாலை பிரேமலாவிடம் பெருமையடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் தயார். ஆனால் 'நாளைக்கு யார் யார்' என்ற பக்கத்தைத் தட்டினால் திறக்கவே மாட்டேன் என்றது. தரவுத்தளம் இருந்தது எந்த நாட்டிலோ இலவசமாகக் கிடைத்த சர்வரில். அவர் காலை டிபனுக்குக் கட்டிவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, சம்பலைக் கலந்து, பாதி தின்ற பிறகுதான் பக்கம் வந்தது. இருட்டோடு வண்டி எடுக்கிற ஓட்டுநருக்கு இது ஆகுமா? வகுப்பில் தேடிப்பிடித்தார். நடுவில் இருப்பது தரவுத்தளத்திடம் உண்மையில் என்ன பேசுகிறது என்று வரிவரியாகக் காட்டச் சொல்ல ஒரு வழி இருந்தது. அதைத் திறந்துவிட்டார்.

திரையில் வரிகள் கொட்டின. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நம்ம ஆளு முதலில் போய் எல்லாருடைய பெயரையும் கேட்டு வந்திருக்கிறது. பிறகு, பிரேமலா எந்த வேன் என்று கேட்க மறுபடி போயிருக்கிறது. அடுத்த ஆள் எந்த வேன் என்று கேட்க இன்னொரு நடை. அதற்கடுத்த ஆளுக்கு இன்னொன்று. ஆளுக்கொரு தடவை, அத்தனை ஆளுக்கும், கடல் தாண்டிப் போய்ப் போய் வந்திருக்கிறது. ஹாரன் நீளமாக அலறியது. காவலர் அன்று தலையைத் திருப்பினார்.

போகும்போதே எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டு வா என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதுமாம். அதை எழுதினார். பக்கம் உடனே திறந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இது நாள்வரை நம்ம ஆளு தான் சொன்னதைத்தான் போய்ச் சொல்கிறது என்று நம்பியிருந்தார். தான் சொன்னது ஒன்று, அங்கே நடந்தது ஒன்று. அந்த எண்ணம் அங்கேயே நிற்காமல் பெர்ஜுந்தாய் வரைக்கும் போய்விட்டது. மூன்று வருஷமாக உஷா வேலிக்கு அந்தப் பக்கம் போய் என்னதான் சொல்லியிருப்பாள்?

உஷாராணி அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். சுகுமாரன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியிடமாவது நேராகப் பேசுகிறாரே என்று நாம் சந்தோஷப்படலாம்.

"உஷா, அசாம் ஜாவா பொண்ண ரோட்டுல விட்டுட்டுப் போனப்ப, கண்ணு தெரியலையான்னு அந்த ஆள கேக்கச் சொன்னேனே. கேட்டியா?"

"கேட்டேனே."

"எப்படிக் கேட்ட?"

உஷாராணி ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார். "மாமா, அவருக்கு உங்க கண்ணப் பத்திக் கவலையா இருக்கு, செக் பண்ணிக்கச் சொன்னாருன்னு சொன்னேன்."

காளியண்ணன் திடீரென்று கண்ணாடி போட ஆரம்பித்ததன் காரணம் சுகுமாரனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப அந்த ஆளு... நான் ஓவரா உழைக்கிறேன், வண்டிக்கு ஒரு நாள் ரெஸ்ட் கொடுக்கச் சொன்னாருன்னு சொன்னியே?"

"ஆயில்கூட மாத்தாம ஓட்டி வேன சாவடிக்கிறான், அவனுக்கெல்லாம் எவன் லைசன்ஸ் குடுத்தான்னு கேட்டாரு."

சுகுமாரன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தப்பு என் மேலதான்னு அவரு சொன்னது?"

"அவரு எங்கங்க சொன்னாரு? சண்டைக்கப்புறம் மொத தீபாவளி வந்துச்சு, நானா சொன்னேன். அவருகிட்டயும் அதேதான் சொன்னேன், நீங்க சொன்னீங்கன்னு. ரெண்டுல யாராச்சும் ஒருத்தர் எறங்கி வருவீங்கன்னு பாத்தேன்." உஷாராணியின் குரல் உடைந்தது. "ரெண்டு பேரும் சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டு, அவன் வரட்டும் அவன் வரட்டும்னு ஒக்காந்துட்டீங்க. நான்தாங்க நடந்து நடந்து செத்தேன்."

சுகுமாரனுக்கு முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார் வழியாக அனுப்புவது என்று தெரியவில்லை. அண்ணன் இறங்கி வந்துவிட்டார் என்ற ஒரு சந்தோஷத்தில்தான் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அது போனதும் வெறும் அண்ணன்தான் மிச்சம். அந்த அண்ணன் மேல் இத்தனை ஆசை இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இணையதளம் தயார், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே காளியண்ணனுக்குத் தெரியாது. முகவரியையும் கடவுச்சொல்லையும் யாராவது கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். உஷாராணி துணி காயப்போடப் போய்விட்டார், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை. அண்ணனிடம் பேசாமலே இருப்பதற்காக ஒருமுறை அண்ணனிடம் பேசியாக வேண்டிய கட்டாயம்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார். காளியண்ணன் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். சுகுமாரன் அந்தக் கால்களின் எதிரில் நின்று தொண்டையைக் கனைத்தார். வெப்சைட் ஒன்று செய்திருக்கிறேன் என்று ஆரம்பிக்க வேண்டும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தார். வாய் வேறு எதையோ சொன்னது.

"நான் மன்னிப்புக் கேட்டேன்னு உஷா சொன்னாளாமே. நான் கேக்கவே இல்ல!"

அடியில் தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு இரும்புக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது.

"நானும்தான் கேக்கல!"

"ஒரு பத்து நிமிஷம் நிக்க முடியலல்ல உங்களால?"

"நல்ல நேரம் போவுதுன்னு ஐயரு கத்தறாரு! போன் மேல போன் அடிக்கிறேன், எடுத்தியாடா நீ?"

"வண்டி ஓட்டுறவன் எப்படிண்ணே எடுப்பான்? அந்தப் பத்து பேரு உசிரு என் கையிலதானே இருந்துச்சு!"

"ஆமா, ஆயிலே மாத்தாத வண்டியில!"

"யாரு மாத்தல? வந்து பாருங்க! கண்ணாடி போட்டுக்கிட்டே வந்து பாருங்க!"

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உஷாராணி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். பூசை, எலுமிச்சம்பழம், தீபாவளிக்கு வராதது, தீபாவளிக்குக் கூப்பிடாதது என்று மூன்று வருஷப் பாக்கி ஒவ்வொன்றாக, யார் வாயிலும் புகாமல், எந்தச் சர்க்கரையும் தடவாமல் நேராகப் போய்ச் சேர்ந்தது. சுகுமாரன் தொண்டை கட்டும்படி கத்தினார். காளியண்ணனும் விடவில்லை. அப்போது வேனுக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த ஒரு கை வெளியே நீண்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டியது. எந்த நம்பர் ஸ்பேனர் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சுகுமாரன் கத்துவதை நிறுத்தாமலே குனிந்து, தரையில் கிடந்தவற்றில் பதினாலாம் நம்பரை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.