சருகோடு போன சொடக்குத் தக்காளி

தொண்ணூறுகளின் நடுவில், மனைவிக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, வால்பாறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் நான்கு மலைச் சொடக்குத் தக்காளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அந்த மலையில் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் காரமடைக்கு இறங்கிவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள் மூன்று பழங்களைத் தின்றாள்.

"இன்னும் வேணுமுங்க."

சீசன் முடிந்துவிட்டது என்றார் கண்டக்டர். மிச்சமிருந்த ஒன்றைப் பிழிந்து விதை எடுத்து, கோவை வீட்டின் பின்வாசலில் நாற்று விட்டேன்.

ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு, எங்கள் பக்கத்து வளைகாப்பு. அன்றே அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் பழுத்தாக வேண்டும். முளைத்த நாள், பூத்த நாள், காயைச் சுற்றிக் காகிதம் போல உறை கட்டிய நாள் எல்லாம் டைரியில் ஏறின. பிறகு தினமும் காலை ஏழு மணிக்குச் செடியைப் புரட்டிப் பார்த்து, 'பச்சை' என்று எழுதினேன். ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் பர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமும் வந்து பார்த்தேன். அப்போதும் பச்சைதான்.

கட்டுச்சோற்றுக்கு இரண்டு நாள் இருக்கையில் அம்மா சலித்துக்கொண்டார்.

"அந்தச் செடியப் புடுங்கிப்போடு கண்ணு. தெனமும் விடியக்காலம் வாசல் கூட்டறப்ப அதுக்கடியில ஒரே குப்பை."

"என்ன குப்பைங்கம்மா?"

"காஞ்ச சருகுதான். சின்னச் சின்னப் பொட்டலமாட்ட."

பழுத்தால் உறையோடு உதிர்ந்துவிடும் என்று கண்டக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு நான் போகும்போது தரை துடைத்தது போல இருந்திருக்கிறது.

குப்பைக்குழியில் இறங்கிக் கிளறினேன். பாதிக்கு மேல் எறும்பு தின்றவை. மற்றவற்றை மடித்த வேட்டியில் அள்ளி மனைவியிடம் கொண்டுவந்தேன்.

"கழுவிப்போட்டுத் தாரேன், இரு அம்மணி," என்றார் அம்மா. அவள் கேட்கவில்லை. உறையைக் கிழித்து, உள்ளே மஞ்சளாக மினுங்கிய பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்குது?"

மென்றுகொண்டே யோசித்தாள்.

"அந்த ருசி இல்லீங்க."

சொல்லிவிட்டு, கிழித்த உறையை என் கையில் திணித்து, வேட்டி மடிப்புக்குள் அடுத்ததைத் தேடினாள்.