தலைக்கு மேலே காத்திருக்கும் தண்ணீர்

ஒருநாளும் வேலை செய்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மாட்டுகிற சாமான் ஒன்று உண்டென்றால், அது வீட்டுக் கூரையில் நாங்கள் பொருத்தும் ஸ்பிரிங்க்ளர்தான். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் கொட்டும். அடுக்குமாடியில் குடியிருக்கும் நீங்களும் படுத்தபடி அதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். தஞ்சாவூரைச் சுற்றி அதை மாட்டியும் பழுது பார்த்தும் பதினெட்டு வருஷமாக நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

சாம்பிராணி

தஞ்சாவூரில் ஒரு மூன்றாம் மாடி வீடு. சோதனைக்குப் போனால், எல்லா ஸ்பிரிங்க்ளருக்கும் பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட டீச்சர். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை பட்டுத் தண்ணீர் கொட்டினால் புது டிவி போய்விடும் என்று பயம்.

புகைக்கு அது அசையாது, நடுவில் இருக்கும் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் அறுபத்தெட்டு டிகிரி சூட்டில்தான் உடையும், அதுவும் தீக்கு மேலே இருப்பதுதான் திறக்கும், சினிமாவில் வருகிற மாதிரி வீடு முழுக்கக் கொட்டாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே ஏணி போட்டுப் பைகளைக் கழற்றினேன். இந்தப் பையைத் தாண்டிச் சூடு உள்ளே போவதற்குள் அறையே எரிந்துவிடும் என்றும் சொன்னேன். டீச்சர் ஏணியைப் பிடித்தபடி சொன்னார்: “தீ வந்தா ஒரு தடவைதாங்க வரும். சாம்பிராணி வாராவாரம் போடுறோமே.”

ரயில்வே கேட்

தஞ்சாவூரில் புதிதாக எங்கள் பராமரிப்புக்கு வந்த ஒரு கட்டடத்தில் தண்ணீர் வால்வை மூடி, ஒரு ஸ்பிரிங்க்ளரை மாற்றிவிட்டு பஸ் ஏறினேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. வால்வைத் திரும்பத் திறந்தேனா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. எவ்வளவு யோசித்தும் சக்கரத்தைத் திருப்பினது ஞாபகம் வரவில்லை. திறக்காவிட்டால் தீப்பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. அந்தக் கட்டடத்தில் நாற்பது குடும்பம். வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தேன். தஞ்சாவூர் வரைக்கும் ஜன்னல் வழியே எங்கே புகை தெரிந்தாலும் எழுந்து எழுந்து பார்த்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால் வால்வு திறந்துதான் இருந்தது. நான்தான் திறந்திருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “போன வருஷம் பெயிண்ட் அடிச்சப்ப மூணு மாசம் மூடியே கெடந்துச்சு சார். யாரும் கேக்கல.”

ஈர மெத்தை

கும்பகோணத்திலிருந்து மதியம் ஒரு போன். படுக்கை அறையில் தண்ணீர் கொட்டுகிறது, நிற்கவில்லை என்றார்கள். நாம் மாட்டினதுதான் ஒழுகுகிறது, திட்டு வாங்கப்போகிறோம் என்று போனேன். மெத்தையின் ஒரு ஓரம் கரிந்து கிடந்தது, பக்கத்தில் உருகிப்போன போன் சார்ஜர். வீட்டுக்காரர் துபாயில். அவர் மனைவி ரஹ்மத் சமையல்கட்டில் இருந்திருக்கிறார். மூன்று வயதுப் பெண் குழந்தை அதே மெத்தையில் மறு ஓரத்தில் தூங்கியிருக்கிறது.

வால்வை மூடித் தண்ணீரை நிறுத்தினேன். நனைந்த குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமலே ரஹ்மத் சொன்னார்: “தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுத்தாங்க தீப்புடிச்சதே எனக்குத் தெரியும்.”

தாழ்ப்பாள்

இன்னொரு வீட்டை வாங்கியவர் ரிட்டையரான பேங்க் அதிகாரி. திருத்துறைப்பூண்டிப் பக்கம், விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். நான் குழாய், குமிழ், தொட்டி என்று விளக்க, அவர் வாசல் கதவின் வெளித்தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவை வெளியிலிருந்து தாழ்போட்டுவிட்டுக் கொளுத்தினால் இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் என்றேன். யார் அப்படிச் செய்யப்போகிறார்கள் என்றும் சிரித்தபடி கேட்டுத் தொலைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. எங்கள் பக்கம் கூலிக்கும் குத்தகைக்கும் அடிதடி நடந்த காலத்தில் அவருக்கு ஆறு வயது. மிராசுதாரின் ஆட்கள் அவர்கள் தெருவுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். அவருடைய சித்தி உள்ளே இருந்த குடிசைக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பிறகு கதவைக் காட்டினார்: “மொதல்ல அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லுங்க தம்பி. அப்புறம் தண்ணியப் பத்திப் பேசுவோம்.”

தீக்கு என்ன மாட்ட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டேன், தீ வைக்கிற ஆளுக்கு மாட்டத்தான் எங்கள் கேட்டலாக்கில் இன்னும் ஒன்றும் வரவில்லை.